எதிர்க்கரைக் கூடாரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக மற்றவர்களின் கண்ணைச் சோதிப்பவன். என் கண்ணில் குறை எதுவும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பறவைகளைப் படமெடுப்பது எனக்கு ஒரு கிறுக்கு. மூன்று மணிக்கு எழுந்து, கொசுக்கடியில் முக்காலி மேல் உட்கார்ந்து, கால் மரத்துப் போனாலும் அசையாமல், இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டு, ஒரு பறவை தலையைத் திருப்பும் அரை நொடிக்காகக் காத்துக் கிடப்பேன். பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வீடு திரும்புவேன். காக்காய்கூட உங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று மனைவி கேலி செய்வாள். ஆனால் போன வருடம் ஒரு மீன்கொத்தி அலகில் மீனோடு தண்ணீரைக் கிழித்து மேலே வந்த கணம் என் படத்தில் விழுந்தது. சிதறிய துளிகளை எண்ணிவிடலாம். அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் என் மச்சினனுக்கும் கிறுக்குப் பிடித்தது. மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுகிறவன், ஏரிக்கரைக்கு வந்தால் மட்டும் பெட்டிப் பாம்பாகிவிடுவான். நான் என்ன சொன்னாலும் கேட்பான். "மாமா சொன்னா சரி" என்பதுதான் அவனுடைய பதில்.

நாங்கள் தேடியது ஒரு குருகு. நாணலுக்குள் கழுத்தை நீட்டி நாணலாகவே நின்றுவிடும் பறவை. பத்து வாரம் அலைந்தும் கிடைக்கவில்லை. அதனால் அந்த வாரம் இரண்டு கரையிலும் ஆளுக்கொரு மறைவுக் கூடாரம் போட்டோம். நடுவில் இருநூறு மீட்டர் தண்ணீர். கரையைச் சுற்றி நடந்தால் இருபத்தைந்து நிமிடம். கைப்பேசி இரண்டையும் அணைத்துவிட வேண்டும், ஒன்பது மணி வரை யாரும் வெளியே வரக்கூடாது. இரண்டும் நான் போட்ட சட்டம்தான்.

4:50. அவன் எதிர்க்கரைக் கூடாரத்துக்குள் போனதும் டார்ச்சை இரண்டு முறை மின்னினான். நானும் மின்னினேன்.

5:20. வானம் வெளுக்கத் தொடங்கியது. நாலைந்து நிமிடம் கழித்து ஒரு கொக்கு தலைக்கு மேல் பறந்தது. லென்ஸை உயர்த்திப் பின்தொடர்ந்தேன். பிறகு வலது பக்க நாணல், பிறகு இடது. குருகைக் காணோம்.

5:41. லென்ஸை நேராகத் திருப்பினேன். ஏரிக்குள் ஒரு ஆள்.

இடுப்பளவு தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டியபடி, எதிர்க்கரையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். மீன் பிடிக்கிறவராக இருக்கும் என்று நினைத்தேன். காலையைக் கெடுத்துவிட்டானே என்று எரிச்சல்தான் முதலில் வந்தது.

பிறகுதான் பறவைகளைக் கவனித்தேன்.

நான் இமை கொட்டினாலே பறந்துவிடும் நாமக்கோழிகள், அவனை ஒட்டி நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூட விலகவில்லை. அவன் நடக்கிறான்... தண்ணீரில் ஒரு அலை இல்லை.

5:46. அவன் பாதி ஏரியைத் தாண்டியிருந்தான். தண்ணீர் அப்போதும் இடுப்பளவுதான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கூடியது. அகலமான விளிம்பு வைத்த தொப்பி. பச்சைச் சட்டை. வலது தோளைச் சற்றே தூக்கிய நடை.

என் தொப்பி. என் சட்டை. என் நடை.

கையைத் தலையில் வைத்துப் பார்த்தேன். தொப்பி என் தலையில்தான் இருந்தது.

5:52. அவன் எதிர்க்கரையில் ஏறி, மச்சினன் கூடாரத்தின் முன்னால் குனிந்தான். ஏதோ பேசுகிறான் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை. கூடாரத்தின் ஜிப் திறந்தது. மச்சினன் தலையை நீட்டினான். சிரித்தான்.

கைப்பேசியை எடுத்து ஆன் செய்தேன். அது உயிர் பெறுவதற்குள் எனக்கு உயிர் போனது. அவன் எண்ணைப் போட்டேன். அணைக்கப்பட்டிருக்கிறது என்றது.

வெளியே ஓடி வந்து கத்தினேன்.

"மாப்ள... போகாதடா... அது நான் இல்ல..."

கூடாரத்தை விட்டு வெளியே வந்திருந்த மச்சினன் நின்றான். என் பக்கம் திரும்பினான். பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ கேட்டான். பதில் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினான்.

அவனோடு தண்ணீரில் இறங்கினான்.

முழங்கால்.

இடுப்பு.

நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

மார்பு...

5:57. அவன் தலை இல்லை.

அந்த இன்னொருவனும் இல்லை.

கேமராவோடு தண்ணீருக்குள் பாய்ந்தேன். நாலு அடியில் சேறு தொடை வரை பிடித்துக்கொண்டது. கேமரா கை நழுவி மூழ்கியது. இழுக்க இழுக்கக் கால் உள்ளே போனது. எனக்கு நீச்சல் தெரியும். எதற்குப் பயன்பட்டது? மச்சினன் மூழ்கிய இடத்தில் குமிழிகள் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்... வெறுமனே நின்றேன்.

அவன் ஆயுசு கெட்டி. நாணல் மறைவில் வலை எடுத்துக்கொண்டிருந்த மீனவர் என் கூச்சல் கேட்டுப் படகைத் திருப்பியிருக்கிறார். தலைமுடியைப் பிடித்து அவனைத் தூக்கிப் போட்டார். பிறகு வந்து என்னையும் இழுத்தார். தண்ணீருக்குள் யாரோ நடந்து போனதைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நடு ஏரியிலயா? பழைய கல்குவாரிங்க அது. நாப்பது அடி ஆழம். அங்க எப்படி நடப்பாங்க?"

மூன்றாம் நாள் மருத்துவமனையில் மச்சினனுக்குப் பேச்சு வந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏன் மாமா கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டான். "குருகு இந்தப் பக்கம் இருக்கு, ஆழமில்ல வான்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் அந்தக் கரையிலிருந்து கத்தினேனே, கேட்கவில்லையா என்றேன்.

"கேட்டுச்சு. யாரோ கத்துறாங்க மாமான்னு சொன்னேன்." "எதிரொலிடா, நீ வான்னீங்க."

நான் என்ன சொல்லியும் அவன் நம்பவில்லை. நம்பச் சொல்லி எந்த வாயால் கேட்பது? என் கேமரா ஏரிக்கடியில். மீனவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. மாமியார் வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவும் ஆளில்லை.

போன வாரம் அவள் தம்பியின் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போனதால் தப்பியது. அன்று காலை பொழுது போகாமல் எதிர்க்கரையைப் படமெடுத்திருக்கிறான். நான் வெளியில்தான் இருந்தேன் என்பதற்கு அதுவே சாட்சி என்று கொடுத்தனுப்பியிருந்தான்.

பதினொரு படங்கள். 5:24 முதல் 5:38 வரை.

எல்லாவற்றிலும் என் கூடாரம். அதன் பக்கத்தில், அகலத் தொப்பியும் பச்சைச் சட்டையுமாக, ஒருவன் குந்தி உட்கார்ந்திருந்தான்.

மனைவி படத்தைப் பெரிதாக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கூடாரத்தின் ஜன்னலைத் தொட்டுக் காட்டினாள். என் லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் படத்தில் வானத்தை நோக்கி. அடுத்ததில் வலது பக்கம். பிறகு இடது.

"உள்ள நீங்க இருக்கீங்க" என்றாள் மெல்ல.

நான் தலையசைத்தேன்.

படத்துக்குப் படம் அவன் கூடாரத்தை நெருங்கியிருந்தான். கடைசிப் படத்தில், 5:38க்கு, அவன் முகம் துணியில் அழுந்தியிருந்தது. நான் உட்கார்ந்தால் என் காது வரும் உயரத்தில். ஏதோ சொல்வதுபோல வாய் நன்றாகத் திறந்திருந்தது.

அந்தப் பதினாலு நிமிடமும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை...

என் மனைவி அதை மட்டும் நம்ப மறுக்கிறாள்.