மாமிக்காகச் சூடாக்கிய அறை

லண்டனின் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மாடியின் பின்னறை, ஓர் இலையுதிர் காலம் முழுவதும் 'மாமியின் அறை' என்று அழைக்கப்பட்டது. மாமி அதில் ஒருநாள்கூட உறங்கியதில்லை.

மாமி அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்தில் தேவாலயத்துக்கு அருகில் தனியாக வாழ்ந்தவர். தாயை இழந்த தம்பியைத் தன் பதினாறாவது வயதிலிருந்து வளர்த்தவர். அப்பாவால் அங்கே திரும்பிப் போக முடியாமைக்குக் காரணங்கள் இருந்தன. அவை என் முன்னிலையில் பேசப்படுவதில்லை. ஆகவே அக்காவும் தம்பியும் பதினான்கு ஆண்டுகளாக ஒருவரையொருவர் கைபேசித் திரையில் மட்டுமே கண்டார்கள். கைபேசியை எப்படிப் பிடிப்பது என்று எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும், மாமியின் நெற்றியும் அதற்கு மேலே சுழலும் மின்விசிறியும்தான் திரையில் தெரியும். அந்த நெற்றியின் கோடுகளை நான் இன்றும் வரிசையாக வரைவேன். ஆனால் அவர் எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வரும் நத்தார்ப் பண்டிகைக்கு மாமியை அழைப்பதென்று அப்பா முடிவு செய்தார். டிசம்பரில் வந்தால் மே மாதம் வரை நிற்கலாம். அப்பாவின் ஒரே பயம் குளிர். இந்த நாட்டில் தன்னுடைய முதல் குளிர்காலம் எப்படிக் கழிந்தது என்று அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. அந்த செப்டெம்பரில் அவர் வீட்டை அடைக்கத் தொடங்கிய விதத்தைப் பார்த்தபோது ஓரளவு ஊகிக்க முடிந்தது. ஜன்னல் சட்டங்களைச் சுற்றிப் பஞ்சு நாடா ஒட்டினார். பின்னறைக் கண்ணாடிக்கு மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை விரித்து, அம்மாவின் ஹெயார் டிரையரால் சூடுகாட்டி, மத்தளத் தோல்போல இழுத்து நிறுத்தினார். வெளிக்குழாய்க்குத் தன் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டார். மழைநீர் வடியும் கூரைப் பீலியில் அடைத்திருந்த இலைகளை வாளி வாளியாக அள்ளினார். சுடுநீர் ஓடும் ஒவ்வொரு ஹீற்றரிலும் சிறு சாவியைத் திருகி, சீறிவரும் காற்றை வெளியேற்றினார். கடைசியில் கசியும் கறுப்பு நீரைத் தேநீர்க் கோப்பையில் ஏந்தி நிற்பது என் வேலை. கதவின் கீழ் இடைவெளியை மறைக்க, அம்மா ஒரு பழைய சேலையைப் பாம்புபோலத் தைத்து, கிழிந்த துணிகளை உள்ளே திணித்தார்.

பின்னறை அதுவரை என்னுடையது. வீட்டிலேயே சூடு நன்றாக நிற்கும் அறை அது. அதை விட்டுக்கொடுத்து நான் முன்பக்கத்துச் சிற்றறைக்குப் போனேன். அங்கே கட்டிலைப் போட்டபின் கதவு முழுதாகத் திறக்காது.

"மாமி விடிய அஞ்சு மணிக்கு எழும்புவா," என்றார் அப்பா. "நீ எட்டு மணி மட்டும் போர்வைக்குள்ள கிடந்தா என்ன நினைப்பா?"

அன்றைக்கே கட்டம் போட்ட தாளில் நேர அட்டவணை ஒன்று வரைந்தேன். ஆறு மணிக்கு எழும்புவது, தண்ணீரைச் சூடாக்காமல் முகம் கழுவுவது, போர்வையை மடிப்பது, வீட்டுக்குள் தமிழ் மட்டும் பேசுவது, எவ்வளவு குளிர்ந்தாலும் சிற்றறையின் ஹீற்றரை இலக்கம் இரண்டுக்கு மேல் திருகாமல் இருப்பது. நிறைவேறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சரி அடையாளம்.

சனிக்கிழமை காலைகளில் மாமியோடு பேசும்போது அட்டவணையைத் திரைக்கு முன் பிடித்துக் காட்டினேன்.

"இது ஒறுத்தல், குஞ்சு," என்றார் மாமி. தபசு காலத்தில் கிறிஸ்தவர்கள் விரும்பியதை விட்டு மனத்தை அடக்கப் பழகுவதற்கு அவர்கள் வழங்கும் பெயர் அது. "நீ செய்தா நானும் செய்யத்தானே வேணும். ஆனா குளிர் எண்டால் எப்பிடி எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லு."

"ஃபிரிட்ஜைத் திறந்து கையை உள்ள வையுங்கோ மாமி."

திரை ஆடியது. ஒரு மஞ்சள் வெளிச்சமும் மூடிய சட்டி ஒன்றும் தெரிந்தன.

"வைச்சிட்டன். இதென்ன பெரிய குளிரே?"

"கையை எடுக்கப்படாது. நாலு மாசத்துக்கு உள்ளயே வைச்சிருக்க வேணும்."

"அப்ப இந்த மீன் என்ன பாவம் செய்தது?" என்று மாமி கேட்டார். பின்னால் நின்ற அம்மா சிரித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தார்.

மாமியின் பயிற்சி அந்த வாரமே தொடங்கியது. திங்கட்கிழமைகளில் பட்டணத்து பாங்க் ஒன்றுக்குப் போய், குளிரூட்டியின் நேர்கீழே அரை மணிநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

"மூண்டாம் கிழமை அங்க வேலை செய்யிற பிள்ளை வந்து, 'அம்மா, உங்களுக்கு என்ன வேணும்' எண்டு கேட்டுது. 'ஒண்டும் வேண்டாம் பிள்ளை, லண்டனுக்குப் போறன், பழகிறன்' எண்டு சொன்னனான்."

அப்பா அனுப்பிய கம்பளிச் சுவெற்றரையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, முப்பத்து மூன்று பாகை வெயிலில் காலைப் பூசைக்குப் போனார். பூசை முடிந்ததும் தேவாலயத்துச் சுவாமியார் கூப்பிட்டு, காய்ச்சலா என்று விசாரித்தாராம். நானும் என் பக்கத்துக் கணக்கை ஒளிவுமறைவின்றி ஒப்பித்தேன். ஒருமுறை, செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்குத்தான் எழுந்தேன் என்று தலைகுனிந்து சொன்னபோது, மாமியின் நெற்றி திரையை நெருங்கி வந்தது.

"பரவாயில்லை. அந்தக் கால் மணித்தியாலத்துக்கு நான் இண்டைக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் விடுறன்."

ஐயாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒருவர் என் தூக்கத்துக்காகக் கசப்புத் தேநீர் குடித்தார். அதன்பின் நான் தாமதமாக எழுந்ததில்லை.

வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசிப்பதும் பதில் எழுதுவதும் ஏழு வயதிலிருந்தே என் பொறுப்பு. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. என் எழுத்து அழகு என்பார். விசா விண்ணப்பத்தோடு வைக்கவேண்டிய அழைப்புக் கடிதத்தையும் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். தான் யார், என்ன வேலை செய்கிறார், அக்கா யார், அவர் எந்த நாளில் வந்து எந்த நாளில் திரும்புவார். எழுதி முடித்துப் பார்த்தபோது, கடைப் பட்டியல்போல வறண்டு கிடந்தது. பஞ்சு நாடாவும் சேலைப் பாம்பும் கம்பளிக் காலுறையும் இல்லாத கடிதம், எங்கள் வீட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. ஆகவே கடைசியில் ஒரு வசனத்தை நானாகவே சேர்த்தேன். அதன் தமிழ் இது: 'அவருக்கான அறையை இந்தக் குளிர்காலத்துக்கு மட்டுமல்ல, இனி வரும் எல்லாக் குளிர்காலங்களுக்கும் ஆயத்தமாக்கி வைத்திருக்கிறோம்.'

அப்பா விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது நான் சொல்லேல்லையே, பிள்ளை."

"வடிவா இருக்கட்டும் எண்டு போட்டனான்."

அவர் அதைத் திரும்ப ஒருமுறை வாசித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு," என்று சொல்லிக் கையெழுத்திட்டார்.

நவம்பர் முடியும் தறுவாயில், ஒரு சனிக்கிழமை, விசாவின் முடிவு கடிதமாக வந்தது. மாமி அந்தக் கடிதத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வீட்டில் எல்லாரும் என்னைச் சுற்றி நிற்க, நான் அப்பாவின் கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி உரத்து வாசித்தேன். முதற்பக்கத்தின் சொற்கள் நீளமாகவும் மரியாதையாகவும் இருந்தன. அவற்றின் பொருள் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில், மேற்கோள் குறிகளுக்குள், என் வசனம் இருந்தது. ஒரு சொல்லும் மாறாமல், நான் வைத்த காற்புள்ளி வைத்த இடத்திலேயே இருக்க, அச்செழுத்தில்.

"அப்பா, நான் எழுதினதை அப்பிடியே எடுத்துப் போட்டிருக்கினம்," என்றேன்.

அவ்வளவு பெரிய இடத்தில் யாரோ ஓர் அதிகாரி, வந்த கடிதங்களுக்கெல்லாம் நடுவே என் வசனத்தைத் தேர்ந்து எடுத்திருக்கிறார் என்ற பெருமையில் எனக்கு முகம் சூடாகியது. அதை மறுபடி, இம்முறை உணர்ச்சியோடு வாசிக்கத் தொடங்கினேன். அப்பா என் தோளுக்கு மேலாகக் கைநீட்டிக் கைபேசியை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"காணும் பிள்ளை, நிப்பாட்டு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

மேற்கோளை அடுத்த வசனத்தை நான் ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு பத்திரத்துக்காகக் கோப்பைக் கிளறியபோதுதான் வாசித்தேன். 'ஆகவே, உங்கள் விஜயம் முடிந்ததும் நீங்கள் நாடு திரும்புவீர்கள் என்று என்னால் ஏற்றுக்கொள்ள இயலவில்லை.' இன்று இலக்கியம் படிக்கும் மாணவியாக, ஒரு வசனத்தை எழுதிவிட்டு அது யார் கைக்குப் போகும் என்று நெடுநேரம் யோசிக்கிறேன். என் ஆசிரியர்கள் இதை நிதானம் என்று பாராட்டுகிறார்கள்.

அன்று அப்பா மாடிக்குப் போனார். பின்னறை ஜன்னலில் தாளின் ஒரு மூலை கழன்றிருந்தது. புது நாடா வெட்டி அதை ஒட்டத் தொடங்கினார்.

"இனி இது ஏனப்பா?" என்று அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"குளிர் வரத்தானே போகுது," என்றார் அப்பா, திரும்பாமல்.

பிறகு அவர் மாமியை அழைத்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ர பிழை அக்கா. வைக்கவேண்டிய பத்திரம் ஒண்டை வைக்காமல் விட்டிட்டன். எல்லாம் என்ர கவனக்குறைவு."

"அதுக்கேன் தம்பி குரல் இப்பிடிப் போகுது? நான் இஞ்ச என்ன குறையிலயோ இருக்கிறன்? சாப்பிட்டனியே?" என்ற மாமியின் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. பிறகு, "சுவெற்றரை மட்டும் திருப்பிக் கேட்காதை. அது எனக்குப் பழகிப்போச்சு," என்றது.

நான் ஆத்திரத்தில் எழுந்து நின்றேன். ஆறு மணி, குளிர்தண்ணீர், இரண்டாம் இலக்கம், சீனியில்லாத தேநீர். நாங்கள் இருவரும் ஒரு குறையும் வைக்கவில்லை. எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் அப்பா ஒரு பத்திரத்தை மறந்துவிட்டார். அவர் அறையிலிருந்து வெளியே வந்ததும் சொன்னேன்:

"நான் எல்லாம் சரியாத்தான் செய்தனான். நீங்கள்தான் பிழை விட்டனீங்கள்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"ஓம் பிள்ளை," என்றார் அப்பா. "நான்தான் கவனமா இருந்திருக்க வேணும்."

அடுத்த நாளே என்னுடைய கட்டில் பின்னறைக்குத் திரும்பி வந்தது. அட்டவணையையும் கொண்டுவந்து தலைமாட்டில் ஒட்டினேன். கீழே புதிதாக ஒரு வரியும் சேர்த்தேன்: அப்பா கேட்டால் மட்டும் பதில், அதுவும் ஒரு சொல். மூன்று மாதமாகப் பழகிய மனக்கட்டுப்பாட்டுக்கு இது ஒன்றும் கடினமாக இருக்கவில்லை.

அதிகாலை வேலைக்குப் புறப்படும்போது அப்பா ஜக்கெற்றோடு அறைக்குள் வருவார். ஹீற்றரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"சூடு காணுமோ பிள்ளை?"

"ஓம்."

"கொஞ்சம் கூட்டிவிடவோ?"

"வேண்டாம்."

மூன்றாவதாக ஏதோ கேட்க இருப்பவர்போல அங்கேயே நிற்பார். நான் கண்களை மூடிக்கொண்டு, அவருடைய காலடிகள் படியிறங்கிப் போகும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு எழுந்து, அந்த வரிக்கு நேரே சரி அடையாளம் போடுவேன். மார்ச் மாதம் வரை ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை. அந்த உறுதியைக் கேள்விப்பட்டால் மாமி பெருமைப்படுவார் என்றே நினைத்திருந்தேன்.