லூர்து அக்கா ஏன் மேயருக்கு நின்றார்

லூர்து அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஃப்ளெக்ஸ் பலகை. காலையில் பால் வாங்கப் போனபோது, தெருமுக்கில் இரண்டு பேர் ஏணி போட்டு அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது மாமன்ற உறுப்பினர் தங்கராசுவின் முகம், கைகூப்பிய நிலையில், ஆள் உயரத்துக்கு. அவர் முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன வட்டத்துக்குள் அக்கா. ‘மாமன்றத்தின் மனசாட்சியே’ என்று எழுதியிருந்தது. கொடைரோட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்த அக்கா இரவு நெஞ்சுவலியில் போய்விட்டார். விடிவதற்குள் பலகை தயார். அந்த மனசாட்சி உயிரோடு எழுந்து பேசியபோதெல்லாம் மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டியவர் இதே தங்கராசுதான்.

அக்காவை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்கள் அந்தப் பலகையை நம்பிவிடக்கூடாது என்பதற்காகவும். கூட்டுறவுப் பண்டகசாலையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று எங்கள் வார்டில் வென்றார். நான் எதிர்வீட்டுக்காரன். எம்.ஃபில். வரை படித்துவிட்டு, நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவருடைய மைத்துனனிடம் தோற்று, இன்றுவரை கௌரவ விரிவுரையாளராகவே இருப்பவன். அந்தப் பட்டத்தில் உள்ள கௌரவம் எனக்குத் தெரியும். அக்காவுக்கு மனுக்கள் எழுதிக் கொடுப்பதில்தான் என் படிப்புக்குக் கொஞ்சம் வேலை இருந்தது.

எங்கள் மாமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீர்மானங்கள் அச்சிட்ட தாள்களைக் கூட்டத்தன்று காலையில்தான் இருக்கையில் வைப்பார்கள். எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பொருளை வாசிக்கத் தொடங்குவார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் “ஆல் பாஸ்” என்று கத்தும். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். எல்லாத் தீர்மானங்களும் நிறைவேறிவிடும். அடுத்தது பிரியாணிப் பொட்டலம். புதிதாக வந்த அக்காவும், இதுதான் முறை போலிருக்கிறது என்று, மற்றவர்களோடு சேர்ந்து தட்டினார்.

அந்த வாரமே எங்கள் வார்டின் மகப்பேறு நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். கட்டடத்தை வாகன நிறுத்தமாக்கப் போகிறார்களாம். அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அதிகாரியிடம் போய்ச் சத்தம் போட்டார். அதிகாரி அந்தக் கூட்டத்தின் தீர்மானத் தாளைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். “மேடம், நீங்களும்தான மேசையத் தட்டுனீங்க?”

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். “இந்தக் கைதான் அப்பு. இந்தக் கையாலதான் தட்டித் தொலச்சேன்” என்றார்.

கொஞ்ச நாளில் எங்கள் தெருச் செல்விக்கு இடுப்புவலி வந்தது. பூட்டிய நிலையத்தைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதி வழியில், ஷேர் ஆட்டோவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யாருடைய புண்ணியமும் இல்லை. உடம்பு தேறியதும் செல்வி பிள்ளையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஏக்கா, இவன் பொறந்த எடம்னு எதை எழுதட்டும்? ஆட்டோ நம்பரையா?”

அக்கா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது இருந்த மேயர் பதவி விலகி, அந்த இடம் காலியானது. உறுப்பினர்கள் கூடிப் புது மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்கா நிற்கப் போவதாகச் சொன்னார். நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து, குடிநீர், சாக்கடை, தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு என்று எல்லாவற்றையும் சேர்த்து நீண்ட அறிக்கை ஒன்று எழுதினேன். இன்றும் அது நல்ல அறிக்கை என்றே நினைக்கிறேன். அக்கா நாலு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தார்.

“இம்புட்டும் வேணாம் அப்பு. கூட்டத்துக்குத் தலைமை மேயர்தான? அந்த நாற்காலியில உக்காந்தா, ஒவ்வொரு பொருளையும் முழுசா வாசிக்கச் சொல்லலாம்ல? வாசிச்சா நாலு பேரு காதுல விழும். விழுந்தா ஒருத்தனாச்சும் தட்டாம இருப்பான். அதுக்குத்தான் நிக்கிறேன்.”

இவ்வளவுதான் காரணம். பதவி ஆசை என்றார்கள், பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றார்கள். சொன்னவர்கள் இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் எனக்கு மறக்கவில்லை.

முன்மொழிந்து கையெழுத்திட்டவர் தங்கராசு. அவர் கட்சி அவருக்குக் குழுத் தலைவர் பதவி தராத கோபத்தில் இருந்தார். வழிமொழிந்தவன் பீட்டர், என்னோடு பள்ளியில் படித்தவன். தேர்தலுக்கு முன்பு, ஓட்டு மாறிவிடாதிருக்க, ஆளுங்கட்சிக்காரர்கள் உறுப்பினர்களை வேனில் ஏற்றி மலைமேல் ஒரு விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். இந்த இருவரும் அதே வேனில் ஏறினார்கள். தேர்தலன்று கையில் சிறுமலை வாழைப்பழச் சீப்போடு மன்ற வாசலில் வந்து இறங்கினார்கள்.

ரகசிய வாக்கெடுப்பு. அக்காவுக்கு விழுந்தது ஒரே ஓட்டு.

அன்று சாயங்காலம் தங்கராசு வந்தார். “அக்கா, யாரும் போடல. அந்த ஒரு ஓட்டு நான் போட்டது” என்றார். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் பீட்டர் போனில் கூப்பிட்டு அதையே சொன்னான். மறுநாள் இன்னொருவரும் வந்து சொன்னார். அக்கா அவருக்கும் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “எல்லாஞ் சரிப்பா. அப்ப என் ஓட்ட நான் யாருக்குப் போட்டேன்?” வந்தவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அக்கா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பீட்டரோடு அன்றிலிருந்து பேசுவதில்லை. பேசப் போவதுமில்லை.

தங்கராசுவுக்குக் குழுத் தலைவர் பதவி கிடைத்தது. அக்கா மேசையைத் தட்டுவதை விட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் “ஆல் பாஸ்” குரல் எழுந்ததும் எழுந்து நின்று, “வாசிங்க” என்பார். மைக்கை அணைப்பார்கள். மைக் இல்லாமல் சொல்வார். ‘வாசிங்க அக்கா’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஒருமுறைகூட வாசிக்கவில்லை. மகப்பேறு நிலையம் இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது.

கல்லறையில் மண் தள்ளி முடித்ததும் தங்கராசு பேசினார். “அக்காவுக்கு அன்னைக்கு விழுந்த அந்த ஒத்த ஓட்டப் போட்டவன்கிற பெருமை எனக்குப் போதும்” என்றார். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு வந்த மாமன்றக் கூட்டத்துக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பொருள் அக்காவுக்கான இரங்கல் தீர்மானம். எழுத்தர் தொண்டையைச் செருமினார். பின்வரிசையிலிருந்து, பழக்கதோஷத்தில், “ஆல் பாஸ்” என்றது ஒரு குரல். மேசையைத் தட்டினார்கள். ஒரு சாவுக்கு மேசையைத் தட்டினார்கள்!

நான் எழுந்து, “வாசிங்க” என்றேன்.

காவலர் வந்து என் தோளைப் பிடித்தார். வாசல்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன். வாசிக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். நான் எழுதிய எந்த அறிக்கையிலும் அது இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன். செல்வியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எங்களை வெளியே தள்ள மாமன்றத்துக்கு இரண்டு காவலர்கள் தேவைப்படும்.