ஹோசியா டார்வர் தூர்த்த குளம்

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசச் சொன்னார் பாஸ்டர். மாட்டேன் என்றேன். ஹோசியா டார்வர் என் அக்காள் புருஷன். உயிரோடு இருந்தவரை எனக்குப் பிடிக்காத மனிதர், பெட்டிக்குள் படுத்துவிட்டார் என்பதற்காகப் பிடித்துப்போய்விடுமா? சர்ச்சில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

மாண்ட்கமரியில் பிறந்து மாண்ட்கமரியிலேயே செத்தவர். அலபாமாவின் தலைநகரம் என்ற கர்வம் தலைக்கேறிய ஊர் இது. குன்றின்மேல் வெள்ளைக் கோபுரம் வைத்த சட்டசபை. கீழே, கறுப்பர்களான எங்கள் பாட்டன்மாரை ஏலம் போட்ட சதுக்கத்தில் அழகாக ஒரு நீரூற்று. அடிமைகளை விடமாட்டோம் என்று நாட்டை உடைத்தவர்கள் முதலில் கொலுவிருந்ததும் இங்கேதான். அந்தக் கதையை எடுத்தாலே வெள்ளைக்காரர்களுக்கு மார்பு விரிந்துவிடும்.

ஊரின் பெரிய பூங்காவில் ஹோசியாவுக்கு வேலை. வெள்ளையர் மட்டும் போகும் பூங்கா. அங்கிருந்த நீச்சல் குளத்தில் வலை போட்டு இலை அள்ளுவார், குளோரின் கொட்டுவார். ஆனால் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. ஒரு கோடையில் எங்கள் ஆள் ஒருவன் துணிந்து உள்ளே குதித்துவிட்டான். அவனைப் போலீஸ் இழுத்துப்போனது. தீட்டுப்பட்டதென்று குளம் முழுவதையும் வடித்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டார்கள். தேய்த்தது யார்? ஹோசியாதான். வாயைத் திறக்காமல் தேய்த்தார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

என் அக்காள் ஆர்டெல்லா வேறு மாதிரி. வெள்ளையருக்கு எழுந்து இடம் விடவேண்டிய பஸ்ஸில் இனி ஏறமாட்டோம் என்று எங்கள் ஜனம் முடிவெடுத்தபோது, வருஷம் முழுக்க நடந்தே வேலைக்குப் போனவள். பிறகு பூங்காவை எங்களுக்கும் திறக்கச் சொல்லி வழக்குப் போட்டவர்களோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரே ஆசைதான். முன்வாசலில் சீட்டு வாங்கி, உள்ளே போய், அந்தக் குளத்தில் இறங்க வேண்டும். நீச்சல் தெரியாது, அது வேறு விஷயம்.

வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்தது. ஊர் என்ன செய்தது? எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டது. எல்லாப் பூங்காக்களையும் இழுத்துப் பூட்டினார்கள். குளத்தை மண்போட்டுத் தூர்க்கச் சொன்னார்கள். தங்கள் பிள்ளைகளும் இனி நீந்த முடியாதே என்ற கவலைகூட இல்லை.

"மண் லாரி ஓட்டப்போறது நீதானா?" என்று ஆர்டெல்லா கேட்டாள்.

"நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான்."

"அந்த இன்னொருத்தன் என் மேசையில வந்து உக்காரமாட்டான்."

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு பின்கட்டுப் படியில்தான். சோள ரொட்டியும் கீரையும் தட்டில் மூடி வைத்திருக்கும். நாய்க்கு வைப்பதுபோல் வைக்கிறாயே என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மண் கொட்டும் நாள் விடிந்ததும் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஆர்டெல்லா, தண்ணி இன்னும் அப்படியே கெடக்கு. சாவி என்கிட்டதான். பின்கேட்டைத் தொறந்து விடறேன், ஒரு பய இருக்கமாட்டான். வந்து எறங்கிக்க."

"பின்கேட்டா?" அவள் திரும்பிப் பார்த்தாள். "பின்கேட்டு வழியா போறதுக்கா நான் கோர்ட்டு ஏறினேன்?"

"எந்தக் கேட்டானா என்னடி? தண்ணி ஒண்ணுதானே."

"உனக்கு ஒண்ணுதான். போ, போயி மண்ணைக் கொட்டு."

ஆத்திரத்தோடு போனார். போனவர் போட்டிருந்த வேலை உடுப்போடும் பூட்ஸோடும் படியிறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டார். மேற்பார்வையாளர் கோல்சன் தன் ஆட்களோடு வந்து பார்த்தபோது அப்படித்தான் நின்றிருந்தாராம்.

"டேய் பையா! வெளிய வாடா!" நாற்பது தாண்டிய மனிதரைப் பையா என்றான் கோல்சன். அவன் ஆள் ஒருவன் பழக்கதோஷத்தில், "தண்ணியத் தொறந்து வடிச்சு விடுங்க, தீட்டாக்கிட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடினான்.

"தொறந்து விடுங்க சார்," என்றார் ஹோசியா. "அப்புறம் என்ன, தேய்ச்சுக் கழுவி புதுசா ரொப்பித் தரவா?"

அன்றே அவரைத் துரத்தியிருப்பார்கள். ஆனால் லாரியில் ஏற ஒருவன் முன்வரவில்லை. தங்கள் பிள்ளைகள் குதித்து விளையாடிய குளத்தில் மண் கொட்ட அந்த வெள்ளைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. கறுப்பனை வைத்துக் கொட்டவைக்க மட்டும் மனம் வந்தது. தண்ணீர் வடிந்ததும் ஹோசியா ஈர உடுப்போடு சாயங்காலம்வரை கொட்டினார்.

சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து, சிரித்துச் சிரித்து இந்தக் கதையைச் சொன்னார். கோல்சன் முழித்ததை நடித்துக் காட்டினார். நான்கூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். ஆர்டெல்லா சிரிக்கவில்லை.

"அப்போ நீ எறங்கிட்ட."

"ஆமா! அவனுங்க மூஞ்சியப் பாக்கணுமே."

"நான் எறங்கல."

அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தட்டு பின்படியைவிட்டு உள்ளே வர வெகுகாலம் ஆயிற்று.

சில வருஷம் கழித்துப் பூங்காக்களைத் திறந்தார்கள், எல்லோருக்கும். குளம் மட்டும் இல்லை, அது கிடந்த இடத்தில் புல்தரை. ஆர்டெல்லா ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை மாட்டிக்கொண்டு என்னையும் இழுத்துப் போனாள். முன்வாசல் வழியாகத்தான் போனோம். உள்ளே, பழைய வேலைக்கே திரும்பியிருந்த ஹோசியா இயந்திரத்தைத் தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் புல்லின் நடுவே போய் நின்றாள். அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

"இங்கதான் ஆழம் ஜாஸ்தி," என்றார் மெதுவாக. "உன் தலைக்கு மேல. முழுகிப்போயிருப்ப, ஆர்டெல்லா."

"முழுகியிருப்பேன். சீட்டு வாங்கிட்டு வந்து முழுகியிருப்பேன். தள்ளி நில்லு."

அவர் தள்ளி நின்றார். வெயில் சாயும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அதுவரை அவரும் இயந்திரத்தைத் தொடவில்லை.