சந்தனப் பொட்டு வைத்த கேசட்

எங்கள் தோட்டத்து மாரியம்மன், திருவிழாவின் நடுவே ஒரு தடவை கம்ப்யூட்டர் புரோகிராம் கேட்டிருக்கிறாள். வேறு எந்த ஊர் அம்மனுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. அன்றைக்கு அவள் அதைக் கேட்டிராவிட்டால் எங்கள் மாமா கடைசிவரை புளுகராகவே இருந்திருப்பார்.

மாமா என்றால் அத்தையின் புருஷன். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அடுத்த காம்பரா அறையில் குடியிருந்தார்கள். மாமாவின் பக்கத்து ஆட்கள் என்று தோட்டத்தில் யாருமே கிடையாது. தோட்டத்து ஆட்களை இந்தியா, இலங்கை என்று குடியுரிமை பிரித்த காலத்தில் அவருடைய அப்பா, அம்மா, தங்கச்சி மூவருக்கும் இந்தியா என்று வந்தது. வயது வந்தவர் என்று தனியாகக் கணக்கான மாமாவுக்கு மட்டும் இலங்கை என்று வந்தது. மூவரும் பதுளை ஸ்டேசனில் கோச்சி ஏறிப் போய்விட்டார்கள். ரயிலை எங்கள் பக்கம் கோச்சி என்போம். "அவுங்க இந்தியா போயிட்டாங்க" என்று அத்தை, கடைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்ப்பார். எனக்கும் அது பழைய கதைகளில் ஒன்றாகத்தான் தெரியும்.

மாமாவின் புளுகு என்று தோட்டமே சொல்லிச் சிரித்தது இதுதான். அவர் இளந்தாரியாக இருந்தபோது தோட்டத்தை நடத்துகிற தொரையின் மகன் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்தானாம். வரும்போது ஒரு கீபோர்டு கொண்டுவந்தானாம். அந்தக் கீபோர்டேதான் கம்ப்யூட்டராம். பங்களா டீவியில் அதை மாட்டிவிட்டு, மழைநாளில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல், தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தானாம். இருவருமாகச் சேர்ந்து டீவிக்குள் ஒரு கோச்சி ஓட்டினார்களாம். ஊருக்குத் திரும்பும்போது அவன் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கோச்சியை மட்டும் ஒரு கேசட்டில் பிடித்து மாமாவிடம் கொடுத்தானாம்.

கேசட்டில் பாட்டுத்தானே பிடிப்பார்கள்? கோச்சியை எப்படிப் பிடிப்பது? மாமா டீவி முன்னால் உட்கார்ந்தால் போதும், வாசலால் போகிற எவராவது தலையை நீட்டி, "என்னண்ணே, இன்னிக்காவது கோச்சி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மாமாவும் சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் தோட்டத்தில் மாமாவை நம்பிய ஒரே ஆள் நான். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், அதில் ஒரு நாளும் பொய் சொல்லாதவர், கோச்சியில் மட்டும் எதற்காகப் பொய் சொல்லப் போகிறார்?

அந்தக் கேசட் சாமிப் படத்துக்குக் கீழே, அத்தையின் பக்திப் பாட்டுக் கேசட்டுகளோடு இருந்தது. எங்கள் லயங்களில் சரஸ்வதி பூசையன்று தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, ரேடியோ, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மாமா தன் கேசட்டுக்கும் வைப்பார். பழைய பொட்டைத் துடைக்காமல் அதன்மேலேயே புதுப் பொட்டு வைத்து வைத்து, கேசட் பாதிக்கு மஞ்சளாகிக் கிடந்தது.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது வந்த திருவிழாவில்தான் அது நடந்தது. ஆற்றடியில் பூசை போட்டுக் கரகம் பாலித்துத் திரும்பி வரும் நேரம் பார்த்து, மைக் செட்காரரின் பென் டிரைவ் மக்கர் பண்ணிவிட்டது. அவருடைய பழைய செட்டில் கேசட்டும் போடலாம். "சாமிப் பாட்டுக் கேசட் இருந்தா குடுங்களேன்" என்று அவர் கெஞ்ச, கோயிலுக்குப் பக்கத்து லயம் எங்களுடையது என்பதால் அத்தை ஓடிப்போய்ச் சாமிப் படத்தடியில் இருந்ததையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தார். மைக் செட்காரர் அந்தக் குவியலைப் பார்த்தார். எதில் சந்தனம் அதிகமோ அதுதான் சக்தி வாய்ந்த பாட்டு என்று முடிவுகட்டி, மாமாவின் கேசட்டைப் போட்டுவிட்டு பிளேன்டீ குடிக்கப் போனார்.

முதலில் நீளமாக ஒரு விசில் வந்தது. அப்புறம் தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டுவதைப் போல ஓர் இரைச்சல். மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களில் அது மலை முழுக்கக் கேட்டது. தப்படித்தவர்கள் தடுமாறினார்கள். அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த பெரியம்மா சட்டென்று நின்று, "என்னடா சத்தம் இது?" என்று வெகு தெளிவாகக் கேட்டார். இரண்டே நிமிஷத்தில் ஒரு பக்கம் ஓடி முடிகிற சின்னக் கேசட் அது; அது முடியும் நேரத்தில்தான் மைக் செட்காரர் ஓடிவந்து, அடுத்த பக்கத்தில் பாட்டு இருக்கும் என்று கேசட்டைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட முடியும்வரை அதே விசில், அதே ஆலங்கட்டி. "அது பாட்டில்லய்யா, அது என் கோச்சி!" என்று கத்திக்கொண்டே மாமா கூட்டத்தைப் பிளந்து வந்து சேர்வதற்குள், அவர் பதறிப்போய்க் கேசட்டைப் பிடுங்க, நாடா சிக்கி அறுந்துவிட்டது.

"கோச்சி தடம் பொரண்டுருச்சுடோய்!" என்று எவனோ கூவினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா கீழே குனிந்தார். குப்பையாய்க் கிடந்த நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் டீவி முன்னால் உட்காரவே இல்லை. கேலி செய்தவர்களுக்கே அது ஒருமாதிரியாகிவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அந்தக் கோச்சியை ஓட்டிக் காட்டாமல் விடுவதில்லை என்று அம்மன்மேல் சத்தியம் பண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை தோறும் பசறைக்கு டியூஷன் போவேன். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன் ஒருவர் கொம்யூனிகேஷன் கடை வைத்திருந்தார்; நானா என்றுதான் கூப்பிடுவோம். போன் கார்டு, போட்டோ கொப்பி, இன்டர்நெட் எல்லாம் அங்கேதான். விஷயத்தைச் சொன்னதும் நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேசட்ல கோச்சியா? நல்லாத் தெரியுமா புள்ள?"

"மாமா பொய் சொல்ல மாட்டாரு நானா."

"அப்ப சரி, தேடுவம்" என்றார். எனக்கும் மாமாவுக்கும் துணையாகக் கிடைத்த முதல் ஆள் அவர்தான்.

தேடத் தேட ஒரு பெரிய உலகமே அகப்பட்டது. டீவியில் மாட்டுகிற கீபோர்டுக் கம்ப்யூட்டர் உண்மையிலேயே இருந்திருக்கிறது. கேசட்டில்தான் புரோகிராமைச் சேமித்திருக்கிறார்கள். அந்த இயந்திரங்கள் செத்துப்போனாலும், இன்றைய கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்கவைக்கிற எமுலேட்டர் என்ற மென்பொருள் இருக்கிறது. அதையெல்லாம் ஆசையாய்ப் பேணுகிறவர்கள் ஒரு இணைய மன்றத்தில் கூடியிருக்கிறார்கள். நானாவும் நானுமாக எங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேள்வி எழுதிப் போட்டோம். அடுத்த சனிக்கிழமை போனால், தெரியாத தேசங்களிலிருந்து எனக்குப் பதில்கள் வந்து காத்திருந்தன. யாரும் சிரிக்கவில்லை. பனி பெய்கிற ஊரில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: நீ கேட்ட அந்த இரைச்சல்தான் புரோகிராம். நாடா அறுந்தால் என்ன, அந்தச் சத்தத்தை எவராவது பதிவு செய்திருந்தால் அதை அனுப்பு.

நான் போட்ட கூச்சலில் நானா கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது. மைக் செட்காரர் ஒவ்வொரு வருஷமும் திருவிழா முழுவதையும் தன் செட்டிலிருந்தே பதிந்து, லயத்துக்கு லயம் சீடி விற்பவர்!

பெரியப்பா வீட்டுச் சீடியை வாங்கிக்கொண்டு போய் அந்தத் துண்டை அனுப்பினோம். விசிலைக் கேட்டே அது எந்த இயந்திரம் என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் கோயில் மைக் திறந்தபடி இருந்ததால் சத்தத்துக்குள் தப்பு மேளமும் விழுந்திருந்தது, பெரியம்மாவும் விழுந்திருந்தார். அங்கேதான் மைக் செட்காரர் கேசட்டைத் திருப்பிப் போட்டது கைகொடுத்தது. தொரையின் மகன் இரண்டு பக்கத்திலும் அதே புரோகிராமைப் பிடித்திருந்தான். ஒரு பக்கத்தில் தப்பு விழுந்த இடம் மறு பக்கத்தில் சுத்தமாக இருந்தது. பனி ஊர்க்காரர் வாரக்கணக்கில் உட்கார்ந்து இரண்டையும் ஒட்டுப்போட்டார். கோயிலில் ஏன் கேசட் போட்டீர்கள் என்று அவர்கள் கேட்டபோது சந்தனக் கதையை எழுதினேன். அடுத்த வாரம் ஒருவர், தன்னுடைய பழைய கம்ப்யூட்டருக்கு மஞ்சள் பெயின்டில் பொட்டு வைத்துப் படம் அனுப்பியிருந்தார். இன்றைக்கு நானும் அந்த மன்றத்தில் பழைய ஆள். புதிதாய் வந்து தயங்கித் தயங்கிக் கேட்கிறவர்களுக்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் போடுவேன்.

தீபாவளியன்று நானா தன் லெப்டொப்பைத் துவாயில் சுற்றி, மடுல்சீமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெரியப்பா வீட்டு டீவியில் அதை மாட்டினோம். லயமே வந்து வாசலை அடைத்தது. மைக் செட்காரரும் ஒரு மூலையில் நின்றார். மாமாவை நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் உட்காரவைத்தேன்.

விசில் வந்தது. ஆலங்கட்டி கொட்டியது. சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். திரை கறுத்தது. பிறகு பச்சைக் கோடுகளால் மலையும், வளைவு வளைவாக ஒரு பாலமும், இடது ஓரத்தில் பதுளை என்று இங்கிலீஷில் ஒரு பலகையும் எழும்பின. வலது பக்கத்திலிருந்து, கட்டம் கட்டமாகப் புகை விட்டுக்கொண்டு, ஒரு கோச்சி பாலத்தின்மேல் ஏறியது.

"கோச்சி வந்துருச்சுடோய்!" என்று முதலில் கத்தியது மைக் செட்காரர்தான். அப்புறம் யார் கத்தினார்கள், யார் விசிலடித்தார்கள் என்றே தெரியவில்லை. ஒருவர் மாமாவைத் தூக்க, இன்னொருவர் பட்டாசைக் கொளுத்த, பெரியம்மா அருளில்லாமலே ஆடினார். அத்தை எல்லாருக்கும் முன்னால் மாமாவுக்குப் பலகாரத் தட்டை நீட்டி, "நானும் உங்கள நம்பலங்க" என்று அழுதார். அந்த நாளைப்போல ஒரு நாளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. உலகத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

கோச்சி பலகையடியில் நின்றது. கதவு திறந்து, குச்சிக் குச்சியாக மூன்று பேர் இறங்கினார்கள். கடைசியில் இறங்கியது குட்டையாக, இரட்டைப் பின்னலோடு இருந்தது. இறங்கினார்களே தவிர, ஒருவரும் ஏறவில்லை. கோச்சியும் அங்கிருந்து புறப்படவில்லை. பட்டன் ஒன்றை அமத்தினால் மறுபடி முதலிலிருந்து வந்தது.

அது ஒரு பிழை என்று எனக்குப் பட்டது. அதற்குள் மன்றத்தில் கொஞ்சம் புரோகிராம் படித்திருந்த திமிர் வேறு. "மாமா, ஒரு நம்பர மாத்துனாப் போதும். கோச்சி பதுளையில இருந்து ஆள ஏத்திக்கிட்டுத் திரும்பிப் போகும். மாத்தவா?" என்றேன்.

"வேணாம் புள்ள" என்றார் மாமா. "அது வர்ற கோச்சி. போகக் கூடாது."

எல்லாரும் பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் சாப்பிடப் போனார்கள். நானாவுக்கு முதல் இலை போட்டார்கள். மாமாவைக் கூப்பிட நான் திரும்பி வந்தேன். அவர் டீவிக்குக் கிட்டக் குந்திக்கொண்டு பட்டனை அமத்தினார். கோச்சி வந்தது, மூன்று பேரும் இறங்கினார்கள். மறுபடியும் அமத்தினார். மாமாவுக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவருக்கும் சேர்த்து வடையை எடுத்து வைக்க ஓடினேன்.