மஞ்சள் துணி கட்டிய மொட்டைப் பனை

பரளச்சி நிறுத்தத்தில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். எதிரே ரோட்டோரத்தில் தலை போன அந்தப் பனை இன்னும் நிற்கிறது. சிறுவயதில் கோடை விடுமுறைக்கு இங்கே இறங்கும்போதெல்லாம் மரங்கொத்தி அதில் டொக்டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டால்தான் ஊர் வந்ததாகவே தோன்றும். இந்த ஐப்பசியில் சத்தமே இல்லை. பக்கத்துப் புஞ்சைக்காரர் பனைக்கு மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மரங்கொத்தி போயிருச்சாண்ணே?"

"மழைக்குக் கம்மாய்க் கருவேலத்துல மேயுது. மாசியில குஞ்சு பொரிக்க இந்தப் பொந்துக்குத்தான் வரும். அதுக்குள்ள காலி மரம்னு சூளைக்கு வெட்ட வாராங்ய."

"துணி எதுக்கு?"

"சாமி மரம்னா அருவா வைக்க மாட்டாங்யல்ல!"

பஸ் வருகிறது. ஏறி உட்கார்கிறேன். முன்சீட்டுப் பெண் சன்னல் வழியே பனையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நானும் போட்டுக்கொள்கிறேன்.