கலோர் பின்னால்தான் வரும்

தொண்ணூறுகளின் நடுவில் சமயநல்லூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தங்கள் தோப்பைப் பற்றி ‘மேங்கோஸ் கலோர்’ என்று எழுதியிருந்தாள். மாம்பழங்கள் ஏராளம் என்று பொருள். ஜவுளிக்கடை விளம்பரத்தில் பார்த்த சொல்லாம். முழு மதிப்பெண் போட்டேன். அவள் முதலாவதாக வந்துவிட்டாள்.

வழக்கமாக முதலிடம் வாங்கும் பையனின் அப்பா, பள்ளிக்கு நன்கொடை கொடுப்பவர். அவர் வந்து போன பிறகு தாளாளர் என்னை அழைத்தார்.

“ஏம்மா, மெனி மேங்கோஸ்னு முன்னாலதான சொல்லுவோம்? இது தப்பு. மார்க்கக் குறைச்சிருங்க.”

“இந்த வார்த்தை பின்னாலதான் சார் வரும்.”

“அது ஏன் அப்படி?”

எனக்குத் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன் சார்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பிடிக்கவில்லை.

அன்று மாலையே மதுரை சிம்மக்கல் நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். கலோர் ஆங்கிலச் சொல்லே இல்லை. அயர்லாந்துக்காரர்களின் ‘கோ லோர்’. போதுமான அளவு, நிறைய என்று அர்த்தம். அவர்கள் மொழியில் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் சொல், ஆங்கிலத்துக்கு வந்தும் இடம் மாறவில்லை. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். என் தமிழில் அதன் சாயல் இருந்ததற்காகக் கல்லூரியில் கேலி வாங்கியவள் நான். அகராதியின் அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

மறுநாள் தாளாளரிடம் சொன்னேன். விடைத்தாளை என் பக்கம் தள்ளினார்.

“வெளக்கமெல்லாம் சரிம்மா. மார்க்கக் குறைங்க.”

“மாட்டேன் சார். தப்புன்னு தோணுச்சுன்னா நீங்களே அடிச்சுக் கையெழுத்துப் போடுங்க.”

“வேலை வேணுமா வேணாமா?”

“வேணும் சார். அதுக்காக சரியா எழுதுனத தப்புன்னு போட முடியாது.”

அவர் பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு மூடிவிட்டார்.

முதலிடம் அந்தப் பெண்ணுக்கே நின்றது. விடைத்தாளைக் கொடுத்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

“அம்புட்டுச் சண்டையா டீச்சர், இந்த ஒத்த வார்த்தைக்கு?”

“ஆமா. இனிமேயும் அப்படியே எழுது.”

அடுத்த ஜூனில் என்னை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். நானாக விலகிப் போவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், கரும்பலகையில் பெரிதாக ஆங்கில ‘ஏ’ எழுதினேன்.