கடல்மீன் தொட்டிக்குக் கடல்தண்ணீர் ஊற்றினேன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவள் பவளமும் ஆரஞ்சு மீனும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியை என்னிடம் விட்டுவிட்டு, பத்து நாள் மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். தொட்டியில் தினமும் தண்ணீர் வற்றியது. எங்களுக்குத்தான் கடல் பக்கமாயிற்றே! குடத்தில் கடல்தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். கடைசியில் பவளம் சுருங்கி, மீன் மூச்சு வாங்கியது. பயந்துபோய் போன் போட்டேன்.

ஓடி வந்தவள் உப்பை அளந்து பார்த்தாள்.

“மாமி, வத்துது தண்ணி மட்டுந்தான். உப்பு தொட்டியிலயே கிடக்கும். நீங்க மேல மேல உப்பு சேத்துருக்கிய. உப்பளத்துல வேல பாத்த உங்களுக்கா இது தெரியாது?”

“அடப்பாவி, ஆமா மக்களே!”

இரண்டு நாளாக, உப்பு சட்டென்று இறங்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித்தண்ணீரை எடுத்துவிட்டு நல்லதண்ணீர் ஊற்றினாள். மீன் பிழைத்தது! இப்போது கண்ணாடியில் கோடு போட்டு, வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன். மீனும் என்னைக் கண்டால் ஓடி வருகிறது, நான் செய்ததை மறந்துவிட்டது போல.